காப்புக் கட்டிய சாலை

ஒத்தக்கரட்டுக்குச் சாலை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில். யாரும் போடவில்லை. அதுவாகவே மலையேறி நடந்து வந்து, ஊர் எல்லைக் கல்லைத் தாண்டி, மாரியம்மன் கோயில் வேம்புக்கடியில் தலைப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு, வெகுதூரம் ஓடி வந்த காளை போலப் புஸ்புஸ்ஸென்று சூடு விட்டுக்கொண்டு படுத்திருந்தது. முதலில் பார்த்தவன் பச்சியப்பன். சொம்போடு ஒதுங்கப் போனவன், வழக்கமாக உட்காரும் புதருக்குப் பக்கத்தில் கறுப்பாக, நடுவில் வெள்ளைக்கோடு போட்டுக்கொண்டு ஒரு தார்ச்சாலை கிடப்பதைப் பார்த்தான். நாலு பேர் போய்வருகிற இடத்தில் எப்படி உட்காருவது என்று கூச்சப்பட்டு, சொம்புத் தண்ணீர் தளும்பாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். அவனுடைய ஆச்சரியம் அத்தோடு முடிந்தது.

ஊருக்கும் பெரிதாக ஆச்சரியம் இல்லை. அப்பன் காலத்திலிருந்து திங்கள்கிழமை தவறாமல் மனுக் கொடுத்த ஊர் அது. ஒவ்வொரு தேர்தலுக்கும் மலையேறி வந்து மூச்சு வாங்கியவர்கள் எல்லோரும் அந்த மூச்சு வாங்கலை வைத்தே சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் போன ஊர். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறார்கள். அம்மியே நகரும்போது சாலை நகராதா? ஊர்க்கவுண்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, சாலையை மேலும் கீழும் பார்த்து, ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கம்பந்தட்டையையும் நெருஞ்சி முள்ளையும் கையாலே தட்டிவிட்டு, "பாவம், எங்கெங்க சுத்திட்டு வந்துச்சோ, ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க" என்றார். ஊற்றினார்கள். அது உறிஞ்சிக்கொண்டது.

பிறகு பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சை நசுக்கி, பெண்கள் அதன்மேல் கோலம் போட்டு, கோலத்தை மிதித்துக் கடந்த ஆடுகளை வைது, மத்தியானத்துக்குள் சாலை ஊருக்குப் பழகிப்போயிற்று. அதுவரை கழுதைமேல் ஏறி மலையிறங்கி, சந்தைக்குப் போய்ச் சேரும்போது பாதி சட்னியாகிவிடுகிற தக்காளி, இப்போது பறித்த முகம் மாறாமல் கீழே போயிற்று. மாதத்துக்கு ஒருமுறை கொடியேற்ற வந்துகொண்டிருந்த வாத்தியார், தலையெழுத்தே என்று தினமும் வரவேண்டியதாயிற்று. மலையை அதுவரை படத்தில்கூடப் பார்த்திராத ஓர் இன்ஜினீயர் ஜீப்பில் வந்து, டேப்பைப் பிடித்து அளந்து, 'இச்சாலைப் பணி இனிதே நிறைவுற்றது' என்று மஞ்சள் பலகை நட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். போடாத சாலைக்குப் பலகை வைப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. அதனால் யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. சாலையும் கேட்கவில்லை, அது பொதுவாக வாய் திறக்காது. பனிக்காலையில் கொஞ்சம் குறுகிக்கொள்ளும், உச்சி வெயிலில் வியர்க்கும், மேலே ஆடுகள் படுத்திருந்தால் அசையாமல் இருக்கும். நல்ல சுபாவம்.

சாலையைக் கண்டு மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள் என்றால், சென்றாயன் அழுதான். அவனிடம் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதை மலையடிவாரத்துச் சந்தைப்பட்டியில், ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஏறி வருவான். ஊரில் பலர் அந்த வண்டியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சென்றாயன் சும்மா கதை விடுகிறான் என்று சொன்னவர்களும் உண்டு. முதல்முறையாக அதை வீட்டு வாசல்வரை ஓட்டி வந்து நிறுத்தியபோது அவன் மனைவி கோவிந்தி ஆரத்தித் தட்டோடு நின்றாள், ஒரு கை வயிற்றின்மேல். மூன்றாவது முறையாகப் பிள்ளைத்தாச்சி. முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டு முறையும் வலி கண்டதும் கம்பில் தூளி கட்டி, முன்னால் இரண்டு பேரும் பின்னால் இரண்டு பேரும் தோள் கொடுத்து, பாறைக்குப் பாறை இறங்கிக்கொண்டிருக்கும்போதே வழியிலேயே பிறந்து வழியிலேயே போய்விட்டன. இரண்டு முறையும் சென்றாயன்தான் முன்தோள். தூளி சட்டென்று கனமில்லாமல் போனது போல அவனுக்குத் தோன்றியதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அதனால் ஊருக்கு அது சாலை; அவனுக்கு அது பிறக்கப்போகிற பிள்ளையின் உயிர். வேறெதையும் அவன் யோசிக்கவில்லை.

ஒரு மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள் அந்தச் சாலைமேல் ஒரு பெண் நடந்து வந்தாள். நடுத்தர வயது, காலில் செருப்பில்லை, காணாமல் போன மாட்டைத் தேடுகிறவளைப் போலத் தரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கோயிலுக்குக் கொஞ்சம் கீழே சட்டென்று நின்று, குனிந்து, தாரைத் தடவினாள். வேம்படியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"யாரும்மா நீ? எந்தூரு?"

"மேல்சந்தங்க. பேரு மங்கம்மா. இது எங்க ஊரு ரோடு."

அவள் கையால் காட்டிய இடத்தில், தாரில் வரிசையாகச் சின்னச் சின்னக் குளம்புத் தடம்.

"எங்க வெள்ளாடுங்க. தார் ஆறங்காட்டியும் ஏறிடுச்சிங்க. காண்ட்ராக்டரு என்னை என்னா பேச்சு பேசினாரு தெரியுமா. கல்லுக்குவாரி லாரிங்க ராவும் பகலும் அது முதுகுல ஏறி, பாரம்னா பாரம், அப்படி ஒரு பாரங்க. ஒரு நாளு தாங்கமாட்டாம எழுந்திரிச்சி வந்துடுச்சி. நாங்க குறை சொல்லல. அதுக்கும் முதுகு வலிக்குந்தானே."

ஊர்க்கவுண்டருக்கு ஆள் போயிற்று. அவர் வந்து, முறைப்படி சேமம் விசாரித்து, மங்கம்மாளைச் சென்றாயன் வீட்டில் உட்காரவைத்துச் சாப்பாடு போடச் சொல்லி, சாப்பிட்டு முடித்த பிறகே பேச்செடுத்தார். "நாங்க இழுத்துக்கிட்டு வரல தாயி. தானா வந்துச்சி. வந்த விருந்தாளியப் போன்னு எப்படிச் சொல்றது?" மங்கம்மாள் தலையாட்டினாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்த ஊருக்கு அது என்னவோ போல் இருந்தது. "எம்மவளுக்குப் போன மாசம் வலி எடுத்துச்சிங்க. ஆம்புலன்சு வந்துச்சி. ரோடு இருந்த எடத்துல வெறும் பள்ளந்தான் இருந்துச்சி. அங்கேயே நின்னு லைட்டப் போட்டுப் பாத்துட்டுத் திரும்பிடுச்சி. அவ போயிட்டா" என்றாள். எழுந்தவள், தட்டை எடுக்க வந்த கோவிந்தியின் வயிற்றைப் பார்த்து, "எத்தன மாசம்மா?" என்று கேட்டாள்.

"ஏழு முடியுதுங்கக்கா."

மங்கம்மாள் அந்த வயிற்றின்மேல் கை வைத்தாள். "ரோடு இருக்குது. பயப்படாத" என்று சொல்லிவிட்டு, வந்த சாலைமேலேயே நடந்து இறங்கிப் போனாள்.

அந்த வார்த்தை கோவிந்திக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது. ஊருக்குள் தைத்ததோ வேறு முள். எழுந்து வந்தது எழுந்து போகாதா? இன்றைக்குத் தேடி வந்தவள் ஒருத்தி, நாளைக்கு ஊரே வந்து நின்றால்? கூட்டம் கூடியது. ஒருவர் சங்கிலி போட்டுக் கட்டலாம் என்றார். இன்னொருவர், சாலைக்கு எந்தக் காலில் சங்கிலி போடுவாய் என்று கேட்டார். அப்போது சென்றாயன் எழுந்து நின்றான். "காப்புக் கட்டிடலாம்" என்றான்.

யாரும் மறுக்கவில்லை, ஏனென்றால் அதைவிடக் கெட்டியான கட்டு அந்த மலையில் கிடையாது. ஊரறிய அம்மன் நோன்பு சாட்டி, மஞ்சள் துணியில் மஞ்சள் கிழங்கை முடிந்து மணிக்கட்டில் காப்புக் கட்டிவிட்டால், கட்டிக்கொண்டவர் திருவிழா முடியும்வரை ஊருக்குக் கட்டுப்பட்டவர். பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் திரும்பிவிட வேண்டும். வெளியூரில் ராத்தங்கக் கூடாது. மீறியவன் யாரும் இல்லை. ஒருமுறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலில் கட்டோடு கிடந்தவன்கூடத் தவழ்ந்து வந்து சேர்ந்திருக்கிறான். அப்படிப்பட்ட காப்பை, மாதமும் திருவிழாவும் பார்க்காமல், பூசாரியைக் கெஞ்சி, சாலையோடு வந்திருந்த கோயிலோரத்து மைல்கல்லில் சென்றாயன் தன் கையாலேயே கட்டினான். சாலை தலைமுதல் கால்வரை ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் சாயங்காலம் சென்றாயன் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். பொழுது இறங்க வண்டி எடுத்தால்தான் கீழே இறங்கி, வரிசை போட்டு, விடியலில் நடக்கிற ஏலத்தைப் பிடிக்க முடியும். போனான், போனான், வளைவு வளைவாக இறங்கினான், கரட்டைச் சுற்றினான், ஓடையைத் தாண்டினான், தாண்டியதும் எதிரே மாரியம்மன் கோயில். தூக்கக் கலக்கம் என்று நினைத்து மறுபடி இறங்கினான். மறுபடியும் கோயில். அவனுக்குப் பின்னால் கிளம்பிய பால்வண்டிக்காரரும் வந்து சேர்ந்தார், பாலோடு. சாலை, காப்புக் கட்டிய எந்த நல்ல பிள்ளையும் செய்வதைத்தான் செய்திருந்தது: பொழுது சாய்ந்ததும் தன் நீளம் முழுவதையும் எல்லைக்குள் இழுத்துக்கொண்டு, ஊரைச் சுற்றிச் சுருண்டு படுத்துவிட்டது. விடிந்ததும் சமர்த்தாகக் கீழே நீண்டது.

ஊர் அதையும் பழகிக்கொண்டது. பழகிக்கொள்வதில் எங்கள் பக்கத்து ஆட்களை மிஞ்ச முடியாது. கரண்ட் இல்லாததற்குப் பழகி, தண்ணீர் இல்லாததற்குப் பழகி, வராத பஸ்ஸுக்கு நிழற்குடை கட்டி அதன் கூரைமேல் நெல் காயவைத்துப் பழகியவர்கள். தக்காளி காலையில் கிளம்பி ஏலம் முடிந்த சந்தைக்குப் போய், வந்த விலைக்குப் போயிற்று. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். அவிழ்க்கலாம் என்று ஒரு கிழவர் மெல்ல ஆரம்பித்தார். திருவிழா முடிந்தால்தான் காப்பை அவிழ்க்க முடியும், திருவிழாவே இல்லாமல் கட்டிய காப்புக்கு முடிகிற நாள் ஏது என்று பூசாரி கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார். அவிழ்த்தால் போய்விடும் என்பதுதான் உண்மையான காரணம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கோவிந்தி ஒருத்திதான் கேட்டாள். "மாமா, வலி பொழுது சாஞ்சி வந்துச்சின்னா?"

"பகல்ல வரும்" என்றான் சென்றாயன்.

"அது எனக்கும் வயித்துல இருக்கறதுக்கும் தெரிய வேணாமா?"

அவன் வண்டியைத் துடைக்கப் போய்விட்டான். பயந்த ஆம்பிளைகள் செய்கிற வேலை அது.

வலி பொழுது சாயும்போதுதான் வந்தது. மேய்ச்சலுக்குப் போன மாடுகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தன, சாலையும் திரும்பிக்கொண்டிருந்தது. சென்றாயன் வண்டிக்குப் பின்னால் வைக்கோல் பரப்பி, கம்பளி விரித்து, கோவிந்தியைப் படுக்கவைத்து, துணைக்கு இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு, சாலையைவிட வேகமாகப் போய்விடலாம் என்று நினைத்து மிதித்தான். வளைவு, கரடு, ஓடை, கோயில். திருப்பினான். வளைவு, கரடு, ஓடை, கோயில். மூன்றாவது முறை கோயில் வந்தபோது ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். ஊர் முழுக்க வேம்படிக்கு வந்துவிட்டது. தூளி கட்டு, தூக்கிக்கிட்டு ஓடலாம் என்று யாரோ கத்தினார்கள். தூளி என்ற சொல் காதில் விழுந்ததும் கோவிந்தி எழுந்து உட்கார்ந்தாள்.

"எறக்குங்க என்னை."

இறக்கினார்கள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மைல்கல்வரை நடந்தாள். தக்காளிப் பெட்டிக் கயிறு அறுக்கிற கத்தி வண்டியில் கிடந்ததை எடுத்து வந்திருந்தாள்.

பூசாரி குறுக்கே வந்தார். "அம்மா, காப்ப அறுக்கக் கூடாது. தெய்வக் குத்தம்."

"பிள்ளையச் சாகக் குடுக்கறது எந்தக் கணக்குல சேத்திங்க சாமி?" என்றாள் கோவிந்தி. "ரெண்டு குடுத்துட்டேன். இதைக் குடுக்க மாட்டேன்."

ஊர்க்கவுண்டர் வாயைத் திறந்தார். "அறுத்தா ரோடு போயிடும்மா." அவர் கெட்டவர் இல்லை. ஊரில் இன்னும் எத்தனையோ வயிறுகள் இருந்தன, பாம்புக்கடியும் காய்ச்சலும் இருந்தன, தக்காளி இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொன்னார். கோவிந்திக்கும் அது தெரியும். தெரிந்துதான் அறுத்தாள்.

மஞ்சள் துணி கீழே விழுந்ததும் சாலை ஒரு பெருமூச்சு விட்டது. சுருள் சுருளாக அவிழ்ந்தது. அவளை ஏற்றக்கூட நேரம் கொடுக்காதோ என்று எல்லோரும் பதறினார்கள், கொடுத்தது. அவள் வைக்கோலில் சாய்ந்த பிறகே கிளம்பியது. சென்றாயன் சாவியைத் திருப்பவே இல்லை. வண்டி சாலைமேல் நின்றது, சாலை வண்டியோடு இறங்கியது, குலுக்காமல், பள்ளம் காட்டாமல், தன் முதுகில் இருந்த ஒவ்வொரு குழியையும் அவளுக்குமுன் நிரவிக்கொண்டு. சந்தைப்பட்டி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. பிள்ளை உள்ளே போய்த்தான் பிறந்தது. பெண். பிறந்ததும் அழுதது. அந்த அழுகையை முதல்முறையாகக் கேட்ட சென்றாயன், நர்ஸம்மாவின் காலில் விழப் போய்த் திட்டு வாங்கினான்.

சாலை போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே சுருண்டு கிடந்தது. வாட்ச்மேன் விரட்டிப் பார்த்தார், ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். ஏற்றியவளை வீட்டில் இறக்காமல் போவது சாலைக்கு அழகில்லை என்று அது நினைத்திருக்க வேண்டும். செய்தி கேட்டு மேல்சந்தத்திலிருந்து மங்கம்மாளும் வந்தாள். சாலையை இழுத்துப் போக வரவில்லை, பத்தியக் குழம்பு கொண்டு வந்திருந்தாள். பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, அதன் உள்ளங்காலையே வெகுநேரம் பார்த்தாள்.

"உங்க வீட்டுல இன்னும் யாராச்சும் இருக்காங்களாக்கா?" என்று கோவிந்தி கேட்டாள்.

"மருமவ இருக்கா. எட்டு மாசம்."

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன காலையில் சென்றாயன் வண்டியைத் துடைத்து, சாமந்திப்பூச் சரம் கட்டி, சாலைமேல் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் முகத்தில் வெளிச்சம். "ஏறு கோவிந்தி. நாம ஏறினா அதுவும் நம்மகூடவே வந்துடும். காப்பும் வேணாம், கயிறும் வேணாம்."

கோவிந்தி வாசற்படியில் நின்றாள். தூரத்தில் மங்கம்மாள் காலிப் பாத்திரத்தோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். சாலையைத் தொடாமல், ஓரத்து மண்ணில்.

"வண்டியை ஓரங்கட்டு மாமா. நடந்து போலாம்."

"பச்ச ஒடம்புக்காரி, என்னா பேச்சு பேசற? மலை ஏறணும்!"

"தெரியும்."

"ஊரு நம்மள உசுரோட விடுமா? அடுத்த வருசம் இதுக்கே ஒரு காய்ச்சல் வந்தா?"

"எனக்கும் ரோடு வேணும் மாமா. வேணாம்னா சொல்றேன்?" அவள் மங்கம்மாள் போகிற பக்கம் பார்த்தாள். "அந்தக்கா என் வயித்துல கை வெச்சிப் பயப்படாதன்னு சொல்லிட்டுப் போச்சி. அது மருமவளுக்கு யாரு சொல்லுவா?"

சென்றாயன் அவளையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய் டீக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்தான். பூச்சரத்தை அவிழ்க்க மனம் வரவில்லை. கோவிந்தி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தாரிலிருந்து மண்ணில் கால் வைத்தாள். சாலை கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் போவதைப் பார்த்து, மெல்ல எழுந்து, மங்கம்மாள் போன திசையில் போயிற்று.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்கள். பாதி மலையில், செங்குத்தான பாறைச் சரிவுக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தால் மேலே ஊரே நின்றுகொண்டிருந்தது. மேலிருந்தே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். சாலை வேறு பக்கம் போனதையும் பார்த்திருக்கிறார்கள்.

"ஏண்டி, ஊரு வாயில மண்ணப் போட்டுட்டியே, நீ நல்லா இருப்பியா?" என்று ஆரம்பித்தாள் பச்சியப்பன் பெண்டாட்டி, திட்டிக்கொண்டே சரிவில் இறங்கினாள். "கையில வந்தத ஊரானுக்குத் தூக்கிக் குடுத்துட்டு வராளாம் மகராசி!" என்று கத்திக்கொண்டு அவளுக்கு மேலே பால்வண்டிக்காரர் காலூன்றி நின்றார். ஒவ்வொருவராக இறங்கி, ஆளுக்கொரு பாறையில் நின்றார்கள். "இங்க குடு, நீ வழுக்கி விழுந்து தொலச்சிடப் போற" என்று பச்சியப்பன் பெண்டாட்டி பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கி மேலே நீட்டினாள். பால்வண்டிக்காரர் வாங்கினார். அவரிடமிருந்து வாத்தியார் வாங்கினார். வாத்தியாரிடமிருந்து பூசாரி வாங்கினார், தெய்வக் குத்தம் தெய்வக் குத்தம் என்று முணுமுணுத்துக்கொண்டு, தலை தொங்காமல் பிடரியைத் தாங்கி. ஊர்க்கவுண்டர் மட்டும் திட்டவில்லை. "பாத்து, பாத்து, வெயிலு மொகத்துல அடிக்குது" என்று துண்டை அவிழ்த்து நிழல் பிடித்தார். கீழே கோவிந்தி பாறையைப் பிடித்து அழுதுகொண்டே ஏறினாள். அவளுக்கும் கை கொடுத்தார்கள். கொடுத்த ஒவ்வொரு கைக்கும் ஒரு வசவு இருந்தது.

பிள்ளை மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது தூங்கிக்கொண்டிருந்தது.